கரையை மறந்த ஆற்றுக் கனவு

யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை என்பது பாடசாலைப் பிள்ளைக்கும் தெரிந்த செய்தி. மாரியில் மட்டும் ஓடி, அராலிப் பக்கமாகக் கடனீரேரியில் விழும் வழுக்கையாற்றைத் தவிர, ஆறு என்று சொல்லிக்கொள்ள இக்குடாநாட்டில் வேறொன்றில்லை. ஆனாலும் எங்கள் பேச்சில் ஆறுகளுக்குக் குறைவில்லை. தொண்டைமானாறு என்கிறோம், உப்பாறு என்கிறோம். இவை உண்மையில் நிலத்துக்குள் நீண்டு கிடக்கும் கடனீரேரிகள். மாரியில் மழைநீர் நிறைந்து உவர்ப்புக் குறையும். கோடையில் வற்றி, உப்புப் பூத்து, வெண்மணற் பாளமாகக் காயும்.

இவற்றுள் உப்பாறு யாழ்ப்பாணக் கடனீரேரியோடு கலக்கும் இடத்தில் இருப்பது அரியாலை. நகரின் கிழக்கெல்லையான இவ்வூருக்கு வடகிழக்கே செம்மணி வெளி, அப்பால் நாவற்குழி, தெற்கே கடனீரேரி, அதன் மறுகரையில் பூநகரி. வயலும் தோட்டமும் மீன்பிடியும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும் ஊர் இது. நன்னீரும் உவர்நீரும் சந்திக்கும் இந்த ஓரத்தில் எது முளைத்து நிற்கிறது, அது யாருக்கு என்ன செய்கிறது என்பதுதான் இக்கட்டுரையின் விடயம். குடாநாட்டின் நீர் பற்றி ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பேசியும் எழுதியும் வந்திருக்கிறோம். நீர் நிற்கும் கரையைப் பற்றி மிகக் குறைவாகவே பேசியிருக்கிறோம்.

ஊர்ப் பெயர்கள் சொல்லும் சாட்சி

கரை மரங்களின் வரலாற்றை எழுதி வைத்தவர் எவருமில்லை. ஆனால் ஊருக்குப் பெயர் வைத்தவர்கள் அதைத் தம்மை அறியாமலே பதிந்து வைத்துள்ளனர்.

அரியாலைப் பக்கத்துப் புகையிரத நிலையத்தின் பெயர் புங்கங்குளம். புங்கு நீரோரத்து மரம். வேரை ஆழமாக இறக்கி மண்ணைப் பிடித்து நிற்பது; சிறிது உவரையும் பொறுப்பது. அதன் வித்தில் விளக்கெரிக்க எண்ணெய் எடுத்தார்கள். இலையை வயலுக்குப் பசளையாக இட்டார்கள். உப்பாற்றைத் தாண்டினால் நாவற்குழி. நாவலும் ஈரமண்ணை நாடும் மரமே. அதற்கு அடுத்தது கைதடி. கைதை என்பது தாழைக்கு மற்றொரு பெயர் என்பதைத் தமிழ் படித்தவர் அறிவர். கைதையடியே கைதடியாயிற்று என்று கொள்வது பொருந்தும். வடமராட்சி கிழக்குக்குப் போனால் தாழையடி, மருதங்கேணி, முள்ளியான் என்று அந்த வரிசை நீள்கிறது. தாழை, மருது, முள்ளி ஆகிய மூன்றும் நீர் விளிம்பை விட்டு விலகாத தாவரங்கள்.

குளத்தைச் சொல்லும்போது புங்கையும், கேணியைச் சொல்லும்போது மருதையும் சேர்த்துச் சொன்ன இந்த வழக்கத்தை வெறும் அடையாளக் குறிப்பாக மட்டும் நான் பார்க்கவில்லை. நீர்நிலை வேறு, அதன் கரைமரம் வேறு என்று எண்ணாத ஒரு மனப்பாங்கு அதில் தெரிகிறது. சங்கப் புலவரின் நெய்தல் நிலத்திலும் புன்னை, ஞாழல், தாழை, கண்டல் ஆகியன வெறும் பின்னணியாக வரவில்லை. உப்பங்கழியோரத்துக் குடியிருப்புக்குக் கண்டல் வேலியாக நின்றதை அப்பாடல்கள் அறிந்திருந்தன. சிதம்பரத்தின் பழம்பெயரான தில்லையும் ஒரு கண்டல் இன மரத்தின் பெயரே. பால் பட்டால் கண்ணைக் கெடுக்கும் அந்த மரம் கோயிலின் தலவிருட்சமாயிற்று. அந்நகருக்கு அண்மையில் பிச்சாவரத்தில் அக்காடு இன்றும் நிற்கிறது.

யாழ்ப்பாணத்தில் கண்டலைக் கண்ணா என்பர். உவர்ப்புக் கூடிய எங்கள் கடனீரேரிகளில் மிகுதியாக நிற்பது வெண்கண்டல். சேற்றிலிருந்து விரல்போல மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுவேர்களால் அதை எளிதில் அடையாளம் காணலாம். பருத்தி வலை பாவித்த காலத்தில் கண்டற்பட்டையை அவித்து எடுத்த சாயத்தில் வலையைத் தோய்ப்பார்கள். வலை உக்காமல் நெடுநாள் உழைக்கும். நைலோன் வலை வந்ததும் அந்தத் தேவை போயிற்று. தேவை போனபோது மரத்தின் மீதிருந்த கவனமும் போயிற்று. விறகுக்கு வெட்டுபவர் மட்டும் தொடர்ந்து வந்தார்.

பூவரசையும் இங்கு சொல்லவேண்டும். அது கடற்கரைக்கும் கழிமுகத்துக்கும் உரிய மரம். உப்புக் காற்றைத் தாங்குவது. எங்கள் முன்னோர் அதை வீட்டு வேலிக்குக் கொண்டுவந்து, கதியாலாக நட்டு, குழையை வெட்டித் தோட்டத்தில் தாழ்த்தினார்கள். கரையோரத் தாவரம் ஒன்று குடாநாட்டின் வேளாண்மைக்குள் எவ்வளவு தூரம் நுழைந்தது என்பதற்கு ஒவ்வொரு வளவின் வேலியும் சாட்சியாக நின்றது. இப்போது அந்த இடத்தில் மதில் நிற்கிறது.

யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு

இனி, நீரைப் பற்றிய பெரிய கனவுக்கு வருவோம். குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக்கல். பெய்யும் மழை கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கிறது. எங்கள் கிணறுகள் அனைத்தும் அந்த வில்லையிலிருந்தே இறைக்கின்றன. ஆண்டு மழை 1250 மில்லிமீற்றர் அளவில் இருந்தாலும் அதன் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்ந்துவிடும். கடனீரேரிகளில் சேர்வது கடலுக்குப் போகும். அதைப் போகவிடாமல் மறித்து, ஏரிகளை நன்னீராக்கினால் கிணறுகளும் தித்திக்கும் என்ற எண்ணம் 19ஆம் நூற்றாண்டிலேயே தோன்றிவிட்டது.

அந்த எண்ணத்துக்கு முழு வடிவம் கொடுத்தவர் நீர்ப்பாசனப் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் (1905–2000). இலங்கையின் நீர்வளம் பற்றி 1969இல் பெருநூல் ஒன்றை எழுதியவரும் இவரே. 1954இல் அவர் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்னும் திட்டம் கேட்பதற்கு எளிமையானது. இரணைமடுவைக் கடந்து வரும் கனகராயன் ஆறு ஆனையிறவுக் கடனீரேரியில் விழுகிறது. அவ்வேரியின் கடல்வாய்களை அடைத்து அதை நன்னீராக்குவது. முள்ளியானில் வாய்க்கால் வெட்டி அந்நீரை வடமராட்சிக் கடனீரேரிக்கு விடுவது. அங்கிருந்து உப்பாற்றுக்குக் கொண்டுவருவது. இரு முனைகளில் கதவணைகள் கடலைத் தடுக்கும். ஒன்று தொண்டைமானாற்றில், மற்றது அரியாலையில்.

அரியாலை இத்திட்டத்தின் கடைவாசல். வன்னியில் பெய்த மழை குடாநாட்டை ஊடறுத்து வந்து கடலைக் காண வேண்டிய இடம் இது.

கதவணைகள் 1950களில் எழுந்தன. ஆனையிறவிலும் முள்ளியானிலும் தொடங்கிய வேலை முழுமை பெறவில்லை. திட்டம் துண்டு துண்டாக நின்றது. கதவுகள் பழுதடைந்தன, திருத்தப்பட்டன, மீண்டும் பழுதடைந்தன. உவர்நீர் புகுந்தால் வயல் கெடும் என்று கமக்காரர் கதவை மூடச் சொல்வார். மூடினால் இறால் வராது என்று மீனவர் திறக்கச் சொல்வார். இரு சாராரின் பக்கமும் நியாயம் இருந்தது.

ஆறுமுகத்தின் திட்டத்தை நான் மதிக்கிறேன். பெரும் அணைக்கட்டுகள் இன்றி, இருக்கும் தாழ்நிலத்தையே பயன்படுத்திய அறிவு அதில் உண்டு. ஆயினும் அதைப்பற்றி இந்த எழுபது ஆண்டுகளில் நடந்த விவாதங்களை ஒரு செய்தியாளனாகப் பின்தொடர்ந்தவன் என்ற வகையில் ஒன்றைச் சொல்லவேண்டும். ஏக்கர்-அடிக் கணக்கு உண்டு. கதவின் அளவு உண்டு. செலவு மதிப்பீடு உண்டு. ஆறு ஒன்றுக்குக் கரை வேண்டும், கரைக்கு மரம் வேண்டும் என்ற பேச்சு மட்டும் எங்கோ நின்றுவிட்டது.

கரை என்ன செய்கிறது?

கரைத் தாவரத்தின் முதல் வேலை மண்ணைப் பிடிப்பது. உப்பாற்றங்கரை மண் கல்லன்று. மணலும் சேறும் கலந்த தரவை. மார்கழி வாடைக்காற்றில் எழும் சிற்றலை கூட அதைக் கரைத்து நீருக்குள் இழுக்கும். ஏற்கெனவே ஆழம் குறைந்த ஏரி இதனால் மேலும் தூர்கிறது. ஆழம் குறைந்து பரப்பு அகன்றால் ஆவியாகும் நீர் கூடும். எங்கள் பக்கத்தில் ஓர் ஆண்டில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஆவியாகிப்போவது பெய்யும் மழையிலும் அதிகம். ஆகவே கரையில் வேர் இல்லாத ஏரி, கதவு எவ்வளவு உறுதியாக இருந்தாலும், மெல்ல மெல்லத் தன் கொள்ளளவை இழந்துகொண்டே இருக்கும்.

இரண்டாவது வேலை வடிகட்டுவது. வெங்காயமும் புகையிலையும் மிளகாயும் செய்கைபண்ணும் தோட்டங்களில் இடப்படும் உரத்தின் ஒரு பகுதி நைத்திரேற்றாக நிலத்தடி நீருக்கு இறங்குகிறது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. குடாநாட்டின் விவசாயப் பகுதிக் கிணறுகள் பல அதைத் தாண்டியிருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. கரைக்காடு இதில் என்ன செய்யும்? அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் செய்யப்பட்டு 1984இல் வெளியான ஆய்வொன்றில், சோள வயலுக்கும் ஓடைக்கும் இடையே நின்ற மரக்கீற்று தன்னிடம் வந்த நைதரசனில் ஏறத்தாழ 89 வீதத்தைத் தடுத்து வைத்திருந்தது. வேர் உறிஞ்சுவது ஒரு பங்கு. ஈரமான கரைமண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் நைத்திரேற்றை வாயுவாக்கி வானுக்கு அனுப்புவது மற்றொரு பங்கு. மேரிலாந்தின் மண் வேறு, எங்கள் சுண்ணாம்புக்கல் வேறு. கல்வெடிப்பூடாக நேரே கீழிறங்கும் உரத்தை எந்தக் கரைமரமும் பிடிக்காது. ஆனால் மழையோடு தரைமேல் ஓடி, வாய்க்கால்வழி ஏரிக்கு வரும் பங்கை அது பிடிக்கும். நன்னீர் ஏரியே கிணற்றை ஊட்டும் என்பது திட்டமானால், ஏரிக்குள் என்ன வருகிறது என்பதும் திட்டத்தின் பகுதியாகத்தானே வேண்டும்?

மூன்றாவது, உணவு. கண்ணா வேரிடுக்கில் இறாற்குஞ்சும் நண்டும் மீன்குஞ்சும் ஒதுங்கி வளர்கின்றன. உதிர்ந்த இலை உக்கி அவற்றின் இரையாகிறது. களங்கட்டி வலை போடும் அரியாலை கிழக்கு மீனவரின் வருமானம் வேலிக்கு வெளியே இருக்கும் அந்தப் பற்றையில்தான் தொடங்குகிறது. மாரி காலத்தில் கடனீரேரிக்கு வரும் பூநாரைகளுக்கும் பிற நீர்ப்பறவைகளுக்கும் இந்த ஆழங்குறைந்த ஓரங்களே மேய்ச்சல் நிலம்.

நான்காவது, காப்பு. 2004 ஆழிப்பேரலையின் பின், கடலூர் மாவட்டத்துக் கடற்கரையை ஆராய்ந்து 2005இல் வெளியிட்டவர்கள், அடர்ந்த மரங்களுக்குப் பின்னாலிருந்த கிராமங்களில் சேதம் குறைவென்றனர். அக்கிராமங்களின் தரையுயரமும் கடலிலிருந்த தூரமும் கூடக் காரணம் என்று மறுத்தவர்களும் உண்டு. பேரலையை மரம் நிறுத்தும் என்று வாக்குக் கொடுக்க என்னால் இயலாது. ஆனால் ஆண்டுதோறும் வரும் வாடையையும் உப்புத் தூறலையும் மரவரிசை தணிக்கும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அரியாலைத் தோட்டக்காரருக்கு அன்றாடத் தேவையும் அதுதான்.

போர் கடந்த வெளி

இந்தக் கரையைப் பற்றி எழுதும்போது போரைத் தாண்டிப் போக முடியாது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வெளியேறிய வழி செம்மணியும் நாவற்குழிப் பாலமுமே. அப்போது நான் இருபதுகளில் இருந்த செய்தியாளன். கூட்டம் அசையாமல் நின்ற அந்த மழை இரவில், இருபுறமும் வெட்டவெளியும் நீரும் மட்டுமே இருந்த தெருவில், ஒரு முதியவரைச் சாய்த்து இருத்துவதற்கு மரம் தேடியது நினைவிருக்கிறது. மரம் இருக்கவில்லை; ஒரு துவிச்சக்கர வண்டியை நிமிர்த்திப் பிடித்து அதில் சாய்த்தோம்.

2000ஆம் ஆண்டில் அரியாலை கிழக்கே போர்முனையாயிற்று. குடாநாடெங்கும் காவலரண்களுக்காகத் தறிக்கப்பட்ட பனைகளுக்குக் கணக்கு இல்லை. மறைவு தரும் பற்றைகள் பாதுகாப்புக்காக வெட்டப்பட்டன. மிதிவெடி இருந்த நிலத்துக்குள் நெடுங்காலம் எவரும் போகவில்லை. செம்மணி என்ற பெயரை உலகம் அறிந்தது வேறு காரணத்தால். 1999இல் அங்கே 15 மனித எச்சங்கள் தோண்டியெடுக்கப்பட்டன. 2025இல் அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் நடந்த அகழ்வில் 200க்கு மேற்பட்ட எலும்புத் தொகுதிகள் வெளிப்பட்டன. அந்த மண் முதலில் நீதிக்கு விடை சொல்லவேண்டிய மண். அங்கே என்ன நடுவது, எங்கே நடுவது என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வரும், வரவும் வேண்டும்.

அமைதி வந்தபின் நிலத்தின் விலை ஏறியது. தெருவோரத் தாழ்நிலத்தில் கட்டட இடிபாடு கொட்டப்படுவதையும், அது மேடானதும் எல்லைக்கல் முளைப்பதையும் நான் பல தடவை கண்டிருக்கிறேன். உரியவர்களிடம் கேட்டால், அது வெறும் தரவைதானே என்பார்கள். வெறும் என்ற அந்தச் சொல்லில்தான் எல்லாம் கெடுகிறது. 2008இல் நிஷா புயல் கொண்டுவந்த வெள்ளத்தில் மூழ்கிய வீட்டுக்காரர்கள், நீர் நிற்க முன்னர் இடம் இருந்தது என்பதை நினைத்துப் பார்த்திருப்பார்கள்.

நட்டால் மட்டும் போதுமா?

கண்டல் நடுகை இப்போது விழாவாகிவிட்டது. சேற்றில் இறங்கி ஒரு கன்றைப் பிடித்தபடி நிற்கும் படங்களை நானே பத்திரிகைப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். 2015இல் நாட்டின் கண்டற்காடுகள் அனைத்தையும் பாதுகாக்கும் திட்டத்தை இலங்கை அறிவித்தது. 2024இல் இலங்கையின் கண்டல் மீட்பு முயற்சியை ஐக்கிய நாடுகள் சபை உலக முன்னோடித் திட்டங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. மகிழ வேண்டிய செய்திகளே.

ஆனால் இவ்விரண்டுக்கும் இடையில், 2017இல் இலங்கை ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கையும் படிக்கவேண்டும். அவர்கள் பார்த்த 23 இடங்களில் 9 இடங்களில் நட்ட கன்று ஒன்றுகூட எஞ்சவில்லை. மீட்பு முயற்சி நடந்த 1000 முதல் 1200 ஹெக்டேயரில் 200 முதல் 220 ஹெக்டேயர் வரையில்தான் வெற்றி. தவறான இடம், தவறான இனம், நட்டபின் பராமரிப்பின்மை ஆகியவை காரணங்கள். நீண்ட முளைக்குச்சியைச் சேற்றில் குத்திவிடுவது எளிது என்பதால், அது வளராத இடத்திலும் அதையே குத்தினார்கள்.

பிச்சாவரம் வேறொரு பாடத்தைத் தருகிறது. ஆங்கிலேயர் காலத்திலிருந்து பகுதி பகுதியாக முற்றாக வெட்டப்பட்ட இடங்களில் தரை தாழ்ந்து, நீர் தேங்கி, உப்பு மிகுந்து, எதுவும் முளைக்காத களராயிற்று. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் தமிழக வனத்துறையும் மீன்முள் வடிவில் வாய்க்கால்களை வெட்டி, வற்றுப்பெருக்கு நீர் வந்துபோக வழி செய்தனர். உப்புக் கழுவப்பட்டது, அதன்பின் வைத்த கன்று பிழைத்தது. முதலில் நீருக்கு வழி, பிறகு மரம் என்பதே அங்கு கண்ட ஒழுங்கு.

இதை அரியாலைக்குக் கொண்டுவந்தால் ஒன்று தெளிவாகும். கதவணை என்பது ஒரே ஏரியை இரண்டாக்கும் சுவர். வெளிப்புறத்தில் கடல்நீர் ஏறி இறங்கும். அங்கே கண்ணாவே பொருத்தம், பெரும்பாலான இடங்களில் அது தானாகவே வரும், வெட்டாமலும் கொட்டாமலும் விட்டால் போதும். உட்புறத்தில், கதவு ஒழுங்காக இயங்கி உவர் குறையுமானால், கண்ணா நடுவது வீண். அங்கே புங்கும் நாவலும் மருதும், விளிம்பில் நாணலும் தாழையும் வேண்டும். எங்கள் ஊர்ப் பெயர்களில் இருக்கும் அதே பட்டியல்தான் இது. கதவை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று கமக்காரரும் மீனவரும் உடன்படும் ஓர் ஒழுங்கு இல்லாமல், எந்தப் பக்கத்தில் எது பிழைக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. கரையில் என்ன வளரும் என்பதை ஈற்றில் அந்த உடன்பாடுதான் தீர்மானிக்கும்.

2024இல் வடமராட்சி கிழக்கில், நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. அது அமைந்த ஊர் தாழையடி. தாகத்துக்கு நீர் தரும் எதையும் குறைசொல்லும் உரிமை எனக்கில்லை. ஆனால் இயந்திரம் குடிநீர் தரும். வயலுக்கு வரும் உவரைத் தடுக்காது, இறாலை வளர்க்காது, மழைநீரை நிலத்துக்குள் இறக்காது.

யாழ்ப்பாணத்துக்கான ஆறு பற்றிய கோப்பு மறுபடியும் திறக்கப்படும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அது திறக்கப்பட்டே வந்திருக்கிறது. அடுத்த முறை திறப்பவர்கள் கதவுக்கும் வாய்க்காலுக்கும் பணம் ஒதுக்கும்போது, அரியாலையிலிருந்து முள்ளியான்வரை இருகரையிலும் எவரும் நிரப்பவோ வேலியடைக்கவோ முடியாத ஒரு கீற்று நிலத்தை முதலில் அளந்து அரச வர்த்தமானியில் அறிவிக்கட்டும். மரம் நடுவது அதற்கடுத்த வேலை. நிலம் போனபின் நடுவதற்கு இடம் இராது.